கம்பிளி போர்த்திய கம்ப்யூட்டர்

வாங்க கண்ணுகளா, கதவைச் சாத்திட்டு இப்படி அடுப்புப் பக்கம் நெருங்கி உட்காருங்க. வெளியே சாரல் இப்போதைக்கு விடாது, உலையும் இப்பதான் வச்சிருக்கு. அது கொதிக்கிறதுக்குள்ளே சொல்லி முடிச்சிடலாம். அவசரக்காரன் ஒருத்தன் கதை. சிரிப்பு வந்தால் அடக்காதீங்க, அவனும் அடக்கச் சொல்ல மாட்டான்.

ரெண்டாயிரத்து நாலாம் வருஷம். மஸ்கெலியா கடைவீதியில் ஒரு பேக்கரி, அதற்கு மேல் மாடியில் ‘சிவசாமி டிஜிட்டல் வீடியோ’. சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் கல்யாணமோ, சடங்கோ, காதுகுத்தோ எதுவானாலும் சிவசாமி கேமராவோடு போய் நிற்பான். பிடித்த படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, மணமக்கள் தலைக்கு மேல் ரோஜாப்பூ பறக்கவிட்டு, சீடியாக்கிக் கொடுப்பான். கை சுத்தமான வேலைக்காரன்தான். வாய்தான் கையைவிட நாலு எட்டு முன்னால் நடக்கும்.

பேக்கரி மாடியை அவன் சும்மா பிடிக்கவில்லை. மஸ்கெலியாவில் ஆறு மாதம் மழை, மீதி ஆறு மாதம் மழை வரப்போகிற அறிகுறி. அவனுடைய முதல் கேமராவின் கண்ணாடியில் பூஞ்சணம் பிடித்து, அந்த வருஷத்து மாப்பிள்ளைமார் அத்தனை பேரும் மூடுபனிக்குள்ளே தடவித் தடவித் தாலி கட்டியது போலவே படத்தில் வந்தார்கள். அன்றைக்கு அவன் ஒரு பாடம் படித்தான்: மெஷின் என்றால் அதற்கு ஈரம் எமன், சூடு தெய்வம். அதனால்தான் கீழே பாண் ரொட்டி சுடுகிற அடுப்பு எரிகிற சுவரையொட்டி அறை எடுத்தான். கேமராவை ஒரு பெட்டியில் வைத்து, உள்ளே ஒரு பல்ப்பையும் எரியவிட்டு, பச்சைப்பிள்ளை மாதிரி காப்பாற்றினான். பாடம் தப்பில்லை. கேமராவுக்குச் சரியான பாடம் எல்லாவற்றுக்கும் சரி என்று நினைத்ததுதான் தப்பு.

பெரியமட்டத் தோட்டத்தில் அழகன் கங்காணி என்று ஒருவர். அவருக்கு ரெண்டு பெண்கள். மூத்தவளுக்குப் பொகவந்தலாவையில் மாப்பிள்ளை அமைந்து, கல்யாணத்துக்கு வீடியோ பேச சிவசாமியைக் கூப்பிட்டனுப்பினார். சிவசாமியின் கண்ணெல்லாம் இளையவள் ஜீவராணி மேல். ஜீவராணி தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். கை எவ்வளவு வேகமோ பேச்சு அவ்வளவு நிதானம். ஒரு சடங்கு வீட்டில் அவன் கேமராவைத் திருப்பியபோது எல்லாப் பெண்களும் முகத்தை மூட, இவள் மட்டும் நேராகப் பார்த்து, “அந்த மூடியக் கழட்டுங்க மொதல்ல” என்றாள். அன்றைக்கு விழுந்தவன் எழுந்திருக்கவில்லை.

“தம்பி, ஹட்டன்ல வீடியோக்காரரு மூணு மாசம் ஆகுங்கிறாரு. நீ எப்படி?” என்று கேட்டார் கங்காணி.

“மூணு மாசமா? மூணே நாளுங்க மாமா! வியாழக்கெழம கல்யாணம். ஞாயித்துக்கெழம மறுவீட்டு விருந்துக்கு எல போடுறதுக்கு முன்ன மூணு சீடியும் ஒங்க கையில இருக்கும்.”

“மாமாவா? அது யாருடா ஒனக்கு மாமா?”

சிவசாமி தரையைப் பார்த்தான். உள்ளேயிருந்து கங்காணியின் மனைவி அம்மாக்கண்ணு சிரித்த சத்தம் கேட்டது. வீட்டில் ஏற்கெனவே பேசிய விஷயம்தான் போலிருக்கிறது. கங்காணி மீசையைத் தடவினார்.

“சரி. புள்ளைக்கும் வேணாங்கிற எண்ணம் இல்லேன்னு அவ அம்மா சொல்றா. ஆனா ஒன் வாயப்பத்தி ஊரே சொல்லுது. சொன்ன நாள்ல சொன்னத செய்யிற ஆளான்னு பாக்குறேன். ஞாயித்துக்கெழம சீடி வரட்டும், அப்பறமா மாமா மச்சான்னு பேசலாம்.”

சிவசாமி மஸ்கெலியா வரைக்கும் பறந்துதான் வந்தான். மாடிப்படி ஏறும்போதுதான் கணக்கு உறைத்தது. ரோஜாப்பூ, பாட்டு எல்லாம் சேர்த்துப் படத்தை சீடிக்கு ஏற்றமாதிரி கம்ப்யூட்டர் சமைத்தெடுக்க, சீடி ஒன்றுக்கு மூன்று மணிநேரம் பிடிக்கும். மூன்று சீடிக்கு ஒன்பது மணிநேரம். அதற்கு முன்னால் வெட்டி ஒட்டுகிற வேலை வேறு. நடுவில் கரண்ட் போனால் அதோகதி. நாளைக் கூட்ட முடியாது, கம்ப்யூட்டரின் வேகத்தைக் கூட்டினால் என்ன?

பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த கஜதீபன் மாஸ்டருக்கு அந்த வித்தை தெரியும் என்று ஊரில் பேச்சு. தெரியும்தான். தெரிந்ததைச் சொல்லத் தொடங்கினால் நிறுத்தத்தான் அவருக்குத் தெரியாது. மூன்று பிளேன்டீயும் நாலு பணிஸும் முடிகிறவரைக்கும் விளக்கினார்.

“தம்பி, மெஷினைப் போடேக்கை ஒரு பட்டனை அமத்தினா இந்த நீலப் பக்கம் வரும். இதிலை புரோசசரின்ரை வேகத்தைக் கூட்டலாம். மெமரியின்ரை வேகமும் அதோடை சேர்ந்து ஏறும். ஆனா ஒரேயடியாக் கூட்டாதையும். கொஞ்சம் கூட்டும், ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பாரும், பிறகு இன்னும் கொஞ்சம். விளங்குதோ?”

“விளங்குதுங்க சார்.”

“புரோசசர் ஏலாட்டி மெஷின் நிண்டுபோகும், உமக்குத் தெரியவரும். மெமரி அப்பிடியில்லை. பிழையான கணக்கைச் சரியெண்டு எழுதிப்போட்டுத் தன்ரை பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அதுதான் பொல்லாதது. அதை வேறையாச் சோதிக்கோணும்.”

“சரிங்க சார்.”

“மற்றது, நீர் வழமையா எப்பிடி வேலை செய்வீரோ, யன்னல் கதவு எல்லாம் அப்பிடியே வச்சுத்தான் சோதிக்கோணும். கேக்கிறீரோ?”

“கேக்குறேங்க சார்.”

கேட்டான், கண்ணுகளா. காதால் கேட்டான். மனதுக்குள்ளே வேறு கணக்கு ஓடியது. கங்காணிமார் கொழுந்து மலையில் பேர் போடுகிற கணக்கு அது. பதினாறு கிலோ பறித்தால் அன்றைக்கு ஒரு முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி; குறைந்தால் அரைப் பேர். ஆனால் கங்காணி பின்னால் நின்று அதட்டினால் அதே கைகள் இருபது கிலோ பறிக்கும். கம்பெனிக்காரன் இந்த மெஷினுக்குப் போட்ட வேகமும் சோம்பேறிக்குப் போட்ட பதினாறு கிலோதான், அதட்டினால் தீர்ந்தது என்று முடிவுகட்டிவிட்டான்.

புதன்கிழமை போயா, பௌர்ணமி நாள். பேக்கரிக்கு விடுமுறை, கீழே அடுப்பு அணைந்து கிடந்தது. சிவசாமி ஜன்னலை அகலத் திறந்து வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைச் சோதித்தான். ஏன் ஜன்னலைத் திறந்தான்? காற்றுக்காகவா? இல்லை. வீதியில் கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

“அண்ணே, ரெண்டு தசம் நாலுல ஓடுன மெஷினு! இப்ப மூணுல ஓடுது!”

கீழே போன பூசாரிக்கு எதில் ரெண்டு எதில் மூணு என்று விளங்கவில்லை. “முருகன் புண்ணியம்” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஒரேயடியாகத்தான் கூட்டினான். மெமரி மூச்சுவிடுகிற இடைவெளியையும் குறைத்தான். மெஷின் குளிர்காற்றில் குஷியாக ஓடியது. ஒரு நாள் முழுக்க என்று மாஸ்டர் சொன்னது மத்தியானச் சோற்றோடு முடிந்தது. மெமரிச் சோதனையைத் தொடவே இல்லை. அதில் வெறும் நம்பர் ஓடும், பார்க்கிறவனுக்கு என்ன அழகு?

வியாழக்கிழமை கல்யாணம் பிடித்தான். வெள்ளிக்கிழமை வெட்டி ஒட்டினான். சனிக்கிழமை காலையில் படத்தைச் சமைக்கப் போட்டான். அன்றைக்குப் பார்த்து மழை சரிந்து கொட்டியது. மேகம் ஜன்னல் வழியாக வாடகை கேட்க வந்தவன் மாதிரி உள்ளே நுழைந்தது. சிவசாமி பதறிப்போய் ஜன்னலை அடைத்தான். கீழே பாண் அடுப்பு முழு மூச்சில் எரிந்தது. கணக்கு நூற்றுக்கு அறுபதுக்கு வந்தபோது திரை அசையாமல் நின்றுவிட்டது.

“ஈரம்!” என்றான் சிவசாமி.

மூலையில் கிடந்த கம்பிளியை எடுத்தான். மழைக்காலத்தில் கொழுந்துக்குப் போகிறவர்கள் தலையோடு போர்த்திக்கொள்கிற கறுப்புக் கம்பிளி. பெட்டிக்குப் போர்த்தி, காற்று புகாமல் நாலு பக்கமும் செருகிவிட்டு, முதலிலிருந்து போட்டான். இந்தத் தடவை நாற்பதில் நின்றது.

“பாத்தியா, ஈரம் உள்ளுக்கே எறங்கிருச்சு!”

கேமராப் பெட்டியில் இருந்த பல்ப்பைக் கழற்றிக் கம்பிளிக்குள்ளே எரியவிட்டான். இருபத்தைந்தில் நின்றது. இரண்டாவது கம்பிளி வந்தது. அறுபது நாற்பதாகி, நாற்பது இருபத்தைந்தாகியும் அவனுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. கம்பிளி போதவில்லை என்றுதான் தோன்றியது. பாண் வெந்த வாசனையோடு பிளாஸ்டிக் வெந்த வாசனையும் கலந்து வந்தபோது, பேக்கரிக்காரர் இன்றைக்கு மாவை மாற்றிவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டான். பொழுது சாய்கிறவரை இதே கூத்து. கடைசியில் கரண்ட் போய், அவனுக்கும் மெஷினுக்கும் சேர்த்து ஓய்வு கொடுத்தது. விடியற்காலையில் கரண்ட் வந்ததும் கம்பிளியோடேயே மறுபடி போட்டான், அதுவும் பாதியில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மாடிப்படியில் காலடிச் சத்தம். ஜீவராணி. பந்திக்குப் பணிஸ் சொல்ல பேக்கரிக்கு வந்தவள், அப்படியே மேலே ஏறி வந்துவிட்டாள். கம்பிளியைப் பார்த்து வாசலிலேயே நின்றாள்.

“யாருக்குங்க காய்ச்சல்?”

“கம்ப்யூட்டருக்குத்தான் ஜீவா. ஈரம் தாங்கல.”

அவள் வந்து கம்பிளிக்குள்ளே கையை விட்டாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“ஈரமா? இதுல ரொட்டி சுடலாம்! அம்மை போட்ட புள்ளையக்கூட இப்படிப் போத்த மாட்டாங்க. எடுங்க மொதல்ல.”

“வேணாம், பனி பூந்துரும்...”

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கம்பிளி ரெண்டையும் உருவினாள், பல்ப்பைப் பிடுங்கினாள், ஜன்னலைத் திறந்தாள். பெட்டியின் மூடியையும் கழற்றச் சொன்னாள். கால் மணிநேரத்தில் மெஷின் எழும்பிக்கொண்டது. சிவசாமிக்கு வெட்கம். வெட்கத்தை மறைக்க வாயைத் திறந்தான்.

“வேகத்த கூட்டி வச்சிருக்கேன்ல, அதான் சூடு. கம்பெனிக்காரன் பயந்து கொறச்சுத்தான் அனுப்புவான். ஒங்க அப்பா அதட்டுனா பதினாறு கிலோ எடுக்குற எடத்துல இருபது வருதா இல்லையா? அந்த மாதிரி.”

“வரும்,” என்றாள் ஜீவராணி. “நாலு கிலோ முத்தலும் காம்பும் சேந்து வரும். அதட்டுனா நாங்க கண்டதையும் புடுங்கி கூடையில போட்டுருவோம்ல. தராசுக்கு அது தெரியாது. பெக்டரியில தேத்தண்ணி ஊத்திக் குடிக்கிறப்பத்தான் தெரியும். ஒங்க மெஷினும் அப்படித்தான் போடும்.”

மாஸ்டர் நாலு பணிஸ் தின்று சொன்னதை இவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாளே!

“கம்பெனி கணக்குல ஓட விட்டா எவ்வளவு நேரம்?”

“சீடி ஒண்ணுக்கு மூணு மணி.”

“இப்ப ஏழரை. பத்தரைக்கு ஒண்ணு முடியும். தாலி கட்டுற வரைக்கும் அதுல இருக்குல்ல? அது போதும். மிச்சம் நாளைக்குன்னு சொல்லிருங்க. அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். எல்லாரும் திங்கிற மும்முரத்துல இருப்பாங்க, மூணு சீடியையும் யாரு பாக்கப்போறா?”

அவள் கண் முன்னால் அவன் வேகத்தைப் பழைய இடத்துக்கு இறக்கினான். முதல் சீடியைப் போட்டான். திரையில் ‘மூன்று மணிநேரம்’ என்று காட்டியது. ஜீவராணி பார்த்தாள், தலையாட்டினாள், போனாள். படியிறங்கும்போது ஒரு தரம் திரும்பிச் சிரிக்கவும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்போடு அவன் நின்றிருக்கக் கூடாதா?

அவள் தலை கடைவீதி வளைவில் மறைந்ததும் அவனுக்குள் அந்த வாய் மறுபடி பேசத் தொடங்கியது. மூணு சீடி என்று சொல்லிவிட்டு ஒன்றோடு போவதா? பொகவந்தலாவை சம்பந்திகள் என்ன நினைப்பார்கள்? இப்போதுதான் ஜன்னல் திறந்திருக்கிறதே, மூடியும் கழன்றிருக்கிறதே, சூடு ஏது? ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தினான். பழையபடி மூன்றில் நிற்காமல் வேகத்தை இன்னும் ஒரு படி மேலே ஏற்றினான். மெமரியையும் சேர்த்து முறுக்கினான்.

மெஷின் நிற்கவில்லை. கண்ணுகளா, அதுதான் வினை. நின்றிருந்தால் பிழைத்திருப்பான். குளிர்காற்று பட்டுக் குதிரை மாதிரி ஓடியது. பன்னிரண்டு மணி தாண்டியபோது ரெண்டு சீடி கையில். போட்டுப் பார்க்க நேரமில்லை. த்ரீவீலர் பிடித்துத் தோட்டத்துக்குப் பறந்தான்.

கங்காணியின் லயத்து வீட்டு முன்திண்ணையில், அந்த இஸ்தோப்பில், டீவியும் பிளேயரும் தயாராக இருந்தன. முன்னால் பாய் விரித்து சம்பந்தி வீட்டார். பொகவந்தலாவையிலிருந்து வந்த மாப்பிள்ளையின் சித்தப்பா செல்லசாமிதான் அவர்களுக்குத் தலைவர். உண்பதிலும் அவரே தலைவர்.

“மூணாவது நாளைக்கு வரும் மாமா. ரெண்ட முடிச்சிட்டேன்!” என்று சீடியைத் தூக்கிக் காட்டினான் சிவசாமி.

கங்காணி முகம் மலர்ந்தது. “ஹட்டன்காரன் மூணு மாசங்கிறான், இவன் மூணு நாள்ல கொண்டாந்துட்டான் பாத்தீங்களா சம்மந்தி! மாப்ள, பாய்ல ஒக்காரு” என்றார்.

மாப்ள! சிவசாமிக்குக் கால் தரையில் படவில்லை. ரசவாளியோடு வந்த ஜீவராணி மட்டும் அந்த ரெண்டு சீடியையும், பிறகு சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது.

படம் ஓடியது. பெண் அழைப்பு அழகு. மாலை மாற்றியது அழகு. ரோஜாப்பூ ஒழுங்காகப் பறந்தது. கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை தாலியை எடுத்தார். அந்த நேரம் அவர் தலை இருக்க வேண்டிய இடத்தில் பச்சைப் பச்சையாகச் சதுரக் கட்டங்கள் முளைத்தன. பெண்ணின் கழுத்துக்கு மேல் யாருடையதோ செருப்பு. ஆரத்தித் தட்டு ரெண்டாக வெட்டுண்டு ஐயரின் வாய்க்குள் போயிற்று. பிறகு படம் ஒரு குதி குதித்து, பின்னால் நின்ற அழகன் கங்காணி மேல் போய் நின்றுவிட்டது. மூன்று நாள் தூங்காத மனுஷன், தாலி கட்டுகிற நேரத்தில் கொட்டாவி விட்டிருக்கிறார். திறந்த வாய் திறந்தபடி டீவி முழுக்க. கெட்டிமேளம் மட்டும் “டுடும் டுடும் டுடும்” என்று ஒரே இடத்தில் அடித்துக்கொண்டே இருந்தது.

செல்லசாமி சித்தப்பா அப்பளத்தை நொறுக்கினார்.

“சம்மந்தி, தாலியத்தான் முழுங்கப் போறீங்களோன்னு பயந்துட்டேன்!”

லயமே சிரித்தது. பிள்ளைகள் பாயில் உருண்டார்கள். அம்மாக்கண்ணு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். கங்காணியின் முகம் கறுத்தது. சிவசாமி பாய்ந்து பிளேயரைத் தட்டினான். கங்காணியின் வாய் மூடவில்லை.

“பிளேயரு சரியில்லீங்க மாமா.”

வேறொரு கல்யாண சீடியைப் போட்டார்கள். பிளேயர் தேன் மாதிரி ஓடியது.

“அப்ப... கரண்ட்டுங்க மாமா. காலையில ஏறி எறங்கிச்சு. நான் என்ன செய்யிறது?”

ஜீவராணி ரசவாளியைக் கீழே வைத்தாள்.

“கம்பெனி கணக்குலதான் ஓட விட்டீங்களா?”

“ஆமா. நீ பாத்துட்டுத்தானே போன?”

“பாத்தேன். ஏழரைக்குப் போட்டீங்க. மூணும் மூணும் ஆறு. ரெண்டாவது முடிய ஒண்ணரை ஆகணும். நீங்க பன்னண்டரைக்கே ரெண்டோட வந்து நிக்கிறீங்க. நான் கொழுந்து எடுக்குறவதாங்க, ஆனா மணி பாக்கத் தெரியும்.”

சிவசாமியின் வாய், எப்போதும் முன்னால் ஓடுகிற அந்த வாய், முதல்முறையாக நின்றுவிட்டது.

“ஒண்ணோட வந்திருந்தா நான் எல்லார்கிட்டயும் பேசியிருப்பேன்,” என்றாள் அவள், அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. “அப்பா, எனக்கு இவரு வேணாம். மெஷினு தப்புப் பண்ணுச்சு, அது போகட்டும். அதுக்கு மேல இவரு கரண்ட்டு மேல பழி போட்டாரு பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியாது.”

கங்காணி எழுந்தார். டீவியை அணைத்தார். அவருடைய வாய் அப்போதுதான் மூடியது.

சிவசாமி அந்தக் கல்யாணப் படத்தைக் கம்பெனி வேகத்திலேயே மறுபடி சமைத்து, மூன்று சீடியும் பழுதில்லாமல் பஸ்காரரிடம் கொடுத்தனுப்பினான். நன்றி என்று ஒரு வார்த்தை வந்தது, அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஆனால் ஊர் இருக்கிறதே, ஊர்! நல்ல சீடியை யாரும் கேட்கவில்லை. ‘கங்காணி கொட்டாவி விடுற சீடி இருக்கா?’ என்று கொட்டகலையிலிருந்துகூடக் கேட்டு வந்தார்கள். அந்தச் சீடிக்காரன் என்று பேர் பரவி, அடுத்த வைகாசிக்கு அவனுக்குக் கேமராவைக் கீழே வைக்க நேரமில்லாத அளவுக்குக் கல்யாணங்கள் வந்தன. அவனும் மெஷினைத் தொடவில்லை, கம்பெனி வேகத்திலேயே விட்டுவிட்டான். யாராவது ஏன் இவ்வளவு நாள் என்று கேட்டால் மட்டும், “குவாலிட்டிங்க, குவாலிட்டி” என்பான். வாய்க்குப் பூட்டு எந்தக் கம்பெனியும் செய்யவில்லை.

ஜீவராணிக்கு மறுவருஷம் கல்யாணம். வீடியோ பிடித்தவர் அந்த ஹட்டன்காரர்தான். மூன்று மாதம் ஆகும் என்றார். மூன்றாவது மாதம், சொன்ன தேதியில், மழையில் நனைந்துகொண்டு வந்து சீடியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஏன் இவ்வளவு நாள் என்று ஜீவராணி ஒரு வார்த்தை கேட்கவில்லை. உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தாள்.

உலை கொதிச்சிருச்சு, எழுந்திருங்க கண்ணுகளா. உங்க வீட்டில் நெல்லும் நீரும் குறையாமல் இருக்கட்டும். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும். செய்கைக்கு முன்னால் வாய் ஓடுகிற மருமகனும் மருமகளும் உங்க வாசலை மிதிக்காமல் போகட்டும். மெதுவாக வந்தாலும் மெய்யாக வருகிறவர்களால் உங்க குடி நிறையட்டும்.